கண்ணாடி வேர்க்கிறதா, முதலில் விரலை வைத்துப் பாருங்கள்: டெல்லிக் குளிரில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் – ஒரு மதிப்பீடு

பொருள் இதுதான்: 60 மி.மீ. யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) சட்டம், அதில் 5–12–5 இரட்டைக் கண்ணாடி. அதாவது 5 மி.மீ. கண்ணாடி, நடுவில் 12 மி.மீ. இடைவெளி, மறுபடி 5 மி.மீ. கண்ணாடி. கண்ணாடிக் கதவு வெளிப்பக்கம் திறக்கும், கொசுவலைக் கதவு உள்பக்கம் திறக்கும். மயூர் விஹார், துவாரகா சொசைட்டி ஃபிளாட்டுகளில் பழைய இரும்பு ஜன்னலைப் பெயர்த்துவிட்டு மாட்டுவது பெரும்பாலும் இந்த ரகம். சட்டத்துக்குள் உட்காரும் அந்த இரட்டைக் கண்ணாடித் தொகுப்புக்குக் கடையில் பெயர் 'டிஜியூ'.

விற்கும்போது மூன்று உறுதிமொழி வரும். சத்தம் வராது, தூசி வராது, கண்ணாடி வேர்க்காது. முதல் இரண்டையும் ஏறக்குறைய நம்பலாம். மூன்றாவதில் பாதிதான் நிஜம். மீதிப் பாதி மார்கழி மாதக் காலை ஆறு மணிக்குத் திரையை விலக்கினால் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் முத்து முத்தாக நிற்கும். அதைப் பார்த்ததும் கடைக்காரரைத் திட்டப் போனை எடுப்பதற்கு முன் கண்ணாடியில் விரலை வைத்து ஒரு கோடு இழுங்கள்.

உள்பக்கம் கோடு விழுந்தால் அது வீட்டுக்குள் இருக்கும் ஈரம். வெளிப்பக்கம் விழுந்தால் ஏசியும் வானிலையும் சேர்ந்து செய்த வேலை. இரண்டு பக்கமும் துடைத்த பிறகும் மங்கல் அப்படியே இருந்தால், அது இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிறது. அந்த டிஜியூ செத்துவிட்டது. பொருளின் குறை என்று சண்டை போட நியாயம் இருப்பது இந்த மூன்றாவதற்கு மட்டும்தான். முதலிரண்டுக்கும் ஜன்னலை மாற்றிக்கொண்டே இருந்தால் காசுதான் கரையும்.

உள்பக்கத்து ஈரத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் வரும் புகார்களில் பெரும்பங்கு இதுதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்ப்பதும் இதுவும் ஒன்றே. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதற்கேற்ப ஒரு பனிநிலை உண்டு. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்த ஈரம் தண்ணீராகப் படியும். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிநிலை 12 டிகிரி. ஈரப்பதம் 70 ஆனால் பனிநிலை 14.4. எனவே 'கண்ணாடி வேர்க்குமா' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. கண்ணாடியின் உள்முகம் எத்தனை டிகிரி, அறைக் காற்றின் பனிநிலை எத்தனை டிகிரி என்ற இரண்டையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

உள்முக வெப்பத்தை ஒரு சின்னக் கணக்கில் பிடிக்கலாம். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாடியின் யூ மதிப்பால் பெருக்கி, அதை 0.13 ஆல் பெருக்குங்கள். வரும் விடையை அறை வெப்பத்திலிருந்து கழித்தால் கண்ணாடியின் உள்முகம் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று தெரிந்துவிடும். யூ மதிப்பு என்பது ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் கசிகிறது என்பதன் அளவு. ஒற்றைக் கண்ணாடிக்கு அது சுமார் 5.8. நாம் மதிப்பிடும் 5–12–5க்குச் சுமார் 2.8. ஒரு முகத்தில் வெப்பக் கதிரைத் திருப்பிவிடும் லோ-ஈ பூச்சும், நடுவில் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவும் போட்டால் 1.6க்குப் பக்கத்தில் வரும், நல்ல பூச்சாக இருந்தால் இன்னும் குறையும்.

ஜனவரி விடியலில் டெல்லி வெளிவெப்பம் 6 டிகிரி, படுக்கையறை 18 டிகிரி என்று வையுங்கள். ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 9 டிகிரிக்கு இறங்கும், அறையில் 56 சதவீத ஈரம் இருந்தாலே வேர்த்துவிடும். 5–12–5 என்றால் உள்முகம் 13.6 டிகிரி, 75 சதவீதம் வரை தாங்கும். லோ-ஈ, ஆர்கான் சேர்த்தது 15.5 டிகிரியில் நிற்கும், கிட்டத்தட்ட 85 சதவீதம் வரை காய்ந்தே இருக்கும். ஆக, பொருள் வேலை செய்கிறது. 56இலிருந்து 75க்குப் போவது சின்ன முன்னேற்றம் இல்லை. ஆனால் இதெல்லாம் கண்ணாடியின் நடுப்பகுதிக் கணக்கு. ஓரத்தின் கதை வேறு, அதற்குக் கொஞ்சம் கழித்து வருவோம்.

75 சதவீதம் ஈரம் வீட்டுக்குள் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் தங்கள் மூச்சை மறந்துவிடுகிறார்கள். தூங்கும் ஒருவர் மூச்சும் வியர்வையுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீரைக் காற்றில் விடுகிறார். இருவர், எட்டு மணி நேரம்: 640 கிராம். 12க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் அதில் இருக்கும் காற்று சுமார் 41 கன மீட்டர். 18 டிகிரியில் அந்தக் காற்று முழுக்க நனைந்தாலும் பிடிக்கக்கூடியது 630 கிராம் அளவுதான். துளி ஈரம் இல்லாத அறையில் தூங்கப் போனாலும், காற்று மாறாவிட்டால் விடிவதற்குள் அறை நிரம்பிவிடும் என்று அர்த்தம். நிஜத்தில் மெத்தை, ரஜாய், திரை, சுவர் எல்லாம் ஒரு பங்கைக் குடிக்கின்றன, கதவிடுக்கு வழியே ஒரு பங்கு போகிறது. மிச்சம் வீட்டிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய் உட்கார்கிறது.

சமையலறையின் பங்கு இன்னும் பெரிது. எரியும் கேஸே தண்ணீர் தரும் என்பது பலருக்குப் புதிதாக இருக்கும். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் 1.6 கிலோ நீராவி வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் வீட்டுக் காற்றில் கலந்திருக்கும். குழாய் கேஸ் என்றால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் ஒன்றரை லிட்டர். இது அடுப்பின் கணக்கு மட்டும். அதன்மேல் இட்லிக் கொப்பரை ஊதுவதும், சாதம் வடிப்பதும், ரசம் கொதிப்பதும் தனி. வெயில் வரவில்லை என்று ஹாலில் கொடி கட்டித் துணி உலர்த்தினால், அந்தத் துணியில் இருந்த லிட்டர் கணக்கான தண்ணீர் போன இடமும் இதே காற்றுதான்.

பழைய இரும்பு ஜன்னலில் இத்தனை ஈரமும் எப்படியோ போய்க்கொண்டிருந்தது. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே பென்சில் நுழையும் இடுக்கு இருந்தது. குளிரும் வந்தது, ஈரமும் போனது. யூபிவிசி கதவின் இரட்டை ரப்பர் கேஸ்கெட் அந்த இடுக்கை அடைத்துவிடுகிறது. இதுதான் இந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம், விற்பவர் சொல்லாத விஷயமும் இதுதான். குளிரைத் தடுக்கும் ஜன்னல் இது, ஈரத்தை வெளியேற்றும் ஜன்னல் இல்லை. வீட்டின் ஈரம் போக வேறு வழி செய்யாமல் இதை மாட்டினால் ஈரப்பதம் முன்பைவிட ஏறும். அப்போது 75 சதவீதத் தாங்குதிறன் ஒரே இரவில் தீர்ந்துவிடும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. முன்பு ஒற்றைக் கண்ணாடிதான் வீட்டிலேயே குளிர்ந்த இடம். தண்ணீர் அதில் படிந்தது, கண்ணில் பட்டது, துடைத்தோம். இப்போது இரட்டைக் கண்ணாடியின் யூ மதிப்பு 2.8. பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு 2 சொச்சம், பரவாயில்லை. ஆனால் வெளிச்சுவரோடு சேர்ந்து நிற்கும் கான்கிரீட் தூணுக்கும் ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டலுக்கும் ஒன்பது அங்குலத்தில் 3.2 அளவுக்கு வருகிறது. கண்ணாடியைவிடக் கான்கிரீட் குளிர்ச்சி! ஈரம் இனி அங்கே போகும். அது முத்து முத்தாக நிற்காது, பூச்சுக்குள் இறங்கிவிடும். பிப்ரவரியில் பீரோவை நகர்த்தும்போது பின்பக்கச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது மேல்வீட்டுக் குழாய்க் கசிவு என்று முடிவு கட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் பீரோவைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள்.

தீர்வு? ஜன்னலைத் திறப்பதுதான். வெளியே மூடுபனி, காற்றே நனைந்து கிடக்கிறது, திறந்தால் ஈரம் உள்ளே வராதா என்பார்கள். வராது. 7 டிகிரியில் காற்று முழுக்க நனைந்திருந்தாலும் ஒரு கன மீட்டரில் 8 கிராமுக்கும் குறைவான நீர்தான் இருக்கும். அதே காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 45 சதவீதத்துக்குள் வந்துவிடும். ஈர மூட்டமாகத் தெரியும் காற்றுதான் வீட்டை உலர்த்தும் காற்று. ஆனால் டெல்லியில் இந்த யோசனைக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு, எல்லோருக்கும் தெரிந்ததுதான். விடியற்காலைக் காற்றில் புகை தரையோடு படிந்து கிடக்கும். எனவே எதிரெதிர் ஜன்னல்களை மதியம் ஒன்றிலிருந்து நான்குக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். நாள் முழுக்க அரை அங்குலம் திறந்து வைப்பதைவிட இது மேல். காற்று மாறிவிடும், சுவர் குளிராது. படுக்கையறைக் கதவை இரவில் சாத்தாமல் விட்டாலே பாதிப் பிரச்சினை ஹாலுக்குப் பங்கு பிரிந்துவிடும்.

சமையலறையில் ஆறு அங்குல எக்ஸாஸ்ட் போதும், ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் பதினைந்து இருபது நிமிடம் ஓட வேண்டும். எல்லா ஜன்னலும் கேஸ்கெட் போட்டு இறுகியிருந்தால் ஃபேன் வெறுமனே சுற்றும், காற்றை இழுக்காது. வேறு அறையில் ஒரு ஜன்னல் கதவை விரற்கடை திறந்து வைத்தால்தான் அதற்கு மூச்சு வரும். இதோடு ஒரு எச்சரிக்கை: குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கும் வீட்டில் அந்த ஜன்னலையும் இப்படி இறுக்கி மாட்டாதீர்கள். எரிவதற்குக் காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு சேரும். அது வாசனையே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டருக்கும் அங்கீட்டி என்ற கரியடுப்புக்கும் இதுவே பொருந்தும். மின்சாரத்தில் ஓடும் ஆயில் ஹீட்டர் ஈரமும் சேர்க்காது, புகையும் விடாது.

ஒரு ஈரப்பதமானி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை ஐந்து பத்துப் புள்ளி தப்பாகக் காட்டும், அதனால் வாங்கியதும் சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு மாதிரி ஆகும்படி சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அந்த மூடியையும் மானியையும் ஒரு காற்றுப் புகா டப்பாவில் வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் இனி எப்போதும் ஆறைக் கூட்டிப் படியுங்கள். குளிர்காலத்தில் படுக்கையறையை 60க்குள் வைத்திருந்தால் இந்தக் கண்ணாடியின் நடுப்பகுதியில் பொட்டு ஈரம் தெரியாது. டிஹ்யூமிடிஃபையர் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் 'நாளுக்கு 12 லிட்டர்' என்பது பொதுவாக 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் எடுத்த அளவு. 16 டிகிரி அறையில் கம்ப்ரஸர் வகை அதில் பாதியைக்கூடத் தராது.

இப்போது ஓரம். எல்லாம் சரியாக இருந்தும் கண்ணாடியின் கீழ் விளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் நிற்கிறது என்றால் காரணம் ஸ்பேசர். இரண்டு கண்ணாடியையும் பிரித்து வைக்கும் சட்டம் அது. நம் ஊரில் பெரும்பாலும் அலுமினியம், வெப்பத்தை அப்படியே கடத்திவிடும். அதனால் விளிம்பு நடுப்பகுதியைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருக்கும், 75 வரை தாங்க வேண்டிய கண்ணாடி ஓரத்தில் 65க்கே வேர்க்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பேசர் அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குதான் கடத்தும். 'வார்ம் எட்ஜ்' என்ற பிளாஸ்டிக், நுரை ரகங்கள் அதைவிடவும் மிகக் குறைவு. கொட்டேஷன் வாங்கும்போது இதைக் கேளுங்கள். ஆர்கானுக்குக் கொடுக்கும் காசை முதலில் இங்கே கொடுக்கலாம் என்பதே இந்த மதிப்பீட்டின் கட்சி. டெல்லியில் நடுப்பகுதி வேர்ப்பது அபூர்வம், ஓரம் வேர்ப்பதுதான் அன்றாடம்.

ஓரத்தைக் கெடுக்கும் வேறு சிலவும் உண்டு. கண்ணாடியை ஒட்டித் தொங்கும் கனத்த திரை அறையின் சூட்டைக் கண்ணாடிக்குப் போகவிடாது, ஈரத்தை மட்டும் போகவிடும். இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விட்டு, அடியில் காற்று ஓடும்படி தொங்கவிடுங்கள். உள்பக்கக் கொசுவலைக் கதவும் ஓரளவு இதையே செய்யும். கொசு இல்லாத ஜனவரியில் அதைத் திறந்து வைத்தால் கண்ணாடி சீக்கிரம் காயும்.

அடுத்தது பொருத்திய விதம். நல்ல பொருள் பலமுறை இங்கேதான் தோற்கிறது. 5 மி.மீ. கண்ணாடி இரண்டு சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. இரண்டுக்கு நான்கு அடிக் கதவில் கண்ணாடி மட்டுமே 18 கிலோவுக்கு மேல். ஒற்றைக் கண்ணாடிக்கான கீலையே இதற்கும் போட்டிருந்தால் ஓரிரு வருடத்தில் கதவு மூக்கைத் தொங்கப் போடும். கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் மேல் மூலையில் கேஸ்கெட் அழுந்தாது, குளிர்காற்று ஊசியாக நுழையும், அந்த மூலையில் மட்டும் ஈரம் கோடு போடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டுக் காகிதத்தைச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துப் பூட்டி இழுங்கள். விறைப்பாக வர வேண்டும். வழுவிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. கதவின் விளிம்பில், பூட்டும்போது மேலும் கீழும் நகரும் காளான் தலை ஆணிகளை ஆலன் கீயால் கொஞ்சம் திருப்பினால் அழுத்தம் கூடும். ஐந்து நிமிட வேலை. கதவே சாய்ந்திருந்தால் மட்டும் கீலை மாற்ற வேண்டும்.

கீழ்ச் சட்டத்தில் நீள்சதுரமாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும், வெளிப்பக்கம் பிளாஸ்டிக் மூடியோடு. மழைநீரும் வேர்த்த நீரும் வெளியே வடிய அவைதான் வழி. மிஸ்திரி ஆர்வக்கோளாறில் அதையும் சேர்த்து சிலிக்கான் பூசி அடைத்துவிடுவது சகஜம். வேலை முடிந்து கூலி கொடுக்கும் முன் கீழ்ச் சட்டத்தின் பள்ளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வெளியே போக வேண்டும். தேங்கி நின்றால் அன்றைக்கே திறக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் தேங்கும் நீர்தான் நாளை டிஜியூவைக் கொல்லப்போகிறது. கண்ணாடியும் சட்டத்தின் அடியில் நேராக உட்காரக் கூடாது, பிளாஸ்டிக் கட்டைகள் மேல் உட்கார வேண்டும். கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பீடிங் பட்டையைக் கழற்றினால் தெரியும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, பீய்ச்சினால் உப்பி இறுகும் பியூ நுரை முழு ஆழத்துக்கும் நிரம்ப வேண்டும். வெளியே தெரியும் விளிம்பில் மட்டும் சிமெண்டு பூசி மறைத்தால் சுற்றிலும் பூஞ்சை பிடிக்கும்.

வெளிப்பக்க ஈரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆடி, ஆவணியில் இரவு வெளியே 29 டிகிரி, ஈரம் 90 சதவீதம் என்றால் பனிநிலை 27 டிகிரிக்கு மேல். உள்ளே ஏசி 22இல் ஓடினால் ஒற்றைக் கண்ணாடியின் வெளிமுகம் 27.4க்கு வந்து வேர்க்கும் தறுவாயில் நிற்கும். இரட்டைக் கண்ணாடி 28க்கு மேலேயே இருக்கும், வேர்க்காது. இங்கே பொருளுக்கு முழு மதிப்பெண். அப்படியும் வேர்த்தால் ஏசியின் வாய் நேராகக் கண்ணாடியைப் பார்த்து ஊதுகிறதா என்று பாருங்கள், இறக்கையைத் திருப்புங்கள், வெப்பநிலையை 25க்கு ஏற்றுங்கள். மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் உறவுக்காரர் 'எங்க ஜன்னல் வெளிப்பக்கம்தான் வேர்க்குது' என்று சொன்னால் குழம்ப வேண்டாம், கடலோரத்தில் ஈரமும் வெம்மையும் வெளியே இருக்கின்றன. லோ-ஈ போட்ட ஜன்னலில் மேகமில்லாத விடியலில் வெளிமுகத்தில் பனி படிந்து வெயில் வந்ததும் மறைந்தால் கவலையே இல்லை. வீட்டுச் சூடு வெளிக் கண்ணாடிக்குப் போகவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இனி மூன்றாவது, நடுவில் படியும் மங்கல். நல்ல டிஜியூவின் ஸ்பேசருக்குள் 3ஏ மாலிக்யூலர் சீவ் என்ற உலர்த்தும் மணிகள் நிரம்பியிருக்கும். ஸ்பேசருக்கும் கண்ணாடிக்கும் நடுவே கறுப்புப் பியூட்டைல் ரப்பர் பட்டை, அதுதான் ஈரத்தைத் தடுப்பது. அதற்கு வெளியே பாலிசல்ஃபைடு அல்லது சிலிக்கான், அது கண்ணாடிகளைச் சேர்த்துப் பிடிப்பது. ஜூனில் 45 டிகிரி வெயிலில் உள்ளே அடைபட்ட காற்று விரியும், ஜனவரியில் சுருங்கும். ஒவ்வொரு நாளும் கண்ணாடி இம்மி அளவு மூச்சு விடுகிறது, பட்டை இழுபடுகிறது. சிறு துவாரம் விழுந்தால் சுருங்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே ஏறும். மணிகள் கொஞ்ச காலம் குடித்துச் சமாளிக்கும். அவை நிறைந்த பிறகுதான் மங்கல் கண்ணுக்குத் தெரியும். மாட்டி இரண்டு வருடம் நன்றாக இருந்து மூன்றாவது குளிரில் மங்குவது இதனால்தான்.

சீக்கிரம் சாக வைப்பவை சில. ஓட்டை அடைபட்டுத் தேங்கிய நீரில் விளிம்பு ஊறுவது. வினிகர் வாடை அடிக்கும் மலிவு சிலிக்கானை விளிம்பில் பூசுவது, அது உள்ளே இருக்கும் பசைகளோடு ஒத்துப்போகாது. மணியை நான்கு பக்கமும் போடாமல் ஒரு பக்கம் மட்டும் போடுவது. எல்லாவற்றையும் மிஞ்சியது, கடை வாசலிலேயே இரண்டு கண்ணாடிக்கு நடுவே அலுமினியக் குழாயை டேப் ஒட்டி, சுற்றிலும் சிலிக்கான் இழுத்து 'இதுவும் டபுள் கிளாஸ்தான்' என்று விற்பது. பியூட்டைல் இல்லாத அது முதல் மழைக்காலத்திலேயே மங்கும். கண்ணாடி ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் வார்த்த நல்ல சரக்காகவே இருக்கலாம். அது கண்ணாடிக்குத்தான் உத்தரவாதம், விளிம்புக்கு இல்லை. யார் சீல் செய்தது, எந்த இயந்திரத்தில் என்று கேளுங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 1279 சோதனை உண்டா என்றும் கேளுங்கள். பல தயாரிப்பாளர்கள் ஸ்பேசரின் மேலேயே பெயரும் தேதியும் அச்சடித்திருப்பார்கள், கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் படிக்கலாம்.

லோ-ஈ என்று சொல்லிச் சாதாரணக் கண்ணாடியைத் தருவதும் உண்டு. இருட்டில் ஒரு லைட்டரைக் கண்ணாடி முன் பிடியுங்கள், நான்கு சுடர்ப் பிம்பம் வரிசையாகத் தெரியும். பூச்சு இருந்தால் அதில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் தெரியும். நான்கும் ஒரே நிறம் என்றால் பூச்சு இல்லை. வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது முகத்தில் பூச்சு இருப்பது டெல்லிக்குத் தோது, கோடை வெயிலையும் சேர்த்துத் தடுக்கும். பூச்சில்லாத வெறும் இரட்டைக் கண்ணாடி மேற்கு வெயிலை அதிகம் தடுக்காது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மங்கிய டிஜியூவைக் காயவைத்துத் தருகிறோம், ஓட்டை போட்டு ஈரத்தை எடுக்கிறோம் என்று வருபவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். மணிகள் நிறைந்துவிட்டன, பட்டை கிழிந்துவிட்டது, மறுபடி வரும். அதே சமயம் முழு ஜன்னலையும் மாற்றவும் தேவையில்லை. பீடிங்கை நெம்பி எடுத்து, டிஜியூவை மட்டும் அதே அளவில் புதிதாகச் செய்து போடலாம். ஒரு ஜன்னலுக்கு அரை மணி நேர வேலை. வாங்கும்போதே சட்டத்துக்கு எத்தனை வருடம், கண்ணாடிச் சீலுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். '10 வருட வாரண்டி' என்று பொதுவாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் யூபிவிசியின் நிறம் மங்காமல் இருப்பதற்குத்தான். கொட்டேஷனில் கண்ணாடித் தடிமன், ஸ்பேசர் வகை, இரண்டு கட்டச் சீல், கீலின் எடைத் தாங்குதிறன் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். சதுர அடி விலையை மட்டும் வைத்து இரண்டு கடையை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். ஒன்றில் பழைய ஜன்னலைப் பெயர்ப்பது, பூச்சு வேலை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்திருக்கும், மற்றதில் இருக்காது.

யாருக்கு இது பொருந்தும்? சாலையைப் பார்த்த ஃபிளாட், ஹீட்டரும் ஏசியும் இரண்டும் ஓடும் வீடு, காலையில் தூசி துடைத்தே கை வலிப்பவர்கள்: தாராளமாக. கீழ்த்தளம், வெயில் படாத வடக்கு அறை, எக்ஸாஸ்ட் இல்லாத சமையலறை, வீட்டுக்குள் துணி உலர்த்தும் குடும்பம்: முதலில் எக்ஸாஸ்ட், பிறகு ஜன்னல். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பொருளுக்கு நான்கு, நம் ஊரில் அதைப் பொருத்தும் விதத்துக்கு இரண்டரை.

வாரண்டி கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நடுவில் படிந்த மங்கல் காலை ஆறு மணிக்கு வெள்ளையாக நிற்கும், வெயில் ஏறியதும் மறைந்துவிடும். ஃபிட்டர் வருவது பதினோரு மணிக்கு. 'கண்ணாடி பளிச்சுனு இருக்கே சார்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதனால் விடிந்ததும், ஸ்பேசரில் இருக்கும் தேதியும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அவர் வந்த பிறகு காட்ட வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் நிரப்பி, அதன் அடியைக் கண்ணாடியின் உள்பக்கத்தில் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எடுத்ததும் அந்த இடத்தை உலர்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். துடைத்த பிறகும் டம்ளர் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றால், ஃபிட்டரையே விரலை வைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.